நடுத்தூண் நகர்ந்த வாரம்

பிரேம்காரரின் பிழைப்பு நேர்கோட்டில் ஓடுவது. படங்களுக்குச் சட்டம் அடிப்பவர். மூலைமட்டம் வைத்துப் பார்க்காமல் ஒரு சட்டமும் அவர் கையைவிட்டுப் போனதில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் சுவரைத்தான் பார்ப்பார். எங்காவது ஒரு படம் தலை சாய்ந்திருந்தால் அதற்குமேல் பேச்சு காதில் ஏறாது. அப்படிப்பட்டவர் தன் வேனை மட்டும் ஒருநாளும் நேராக நிறுத்தியதில்லை. வீட்டின் முன்னால் இருந்த சிமெண்ட் தரையில் அது எப்போதும் கோணலாகத்தான் கிடக்கும், யாரோ அவசரத்தில் கழற்றிப்போட்ட செருப்பைப்போல.

அவர் மனைவி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். தெரு முழுக்க அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். அந்த வட்டாரத்தில் பாதிப்பேர் கிளட்ச் மிதிக்கக் கற்றது அவரிடம்தான். அவருடைய சின்னக் காரின் கூரையில் 'பயிற்சி வண்டி' என்று எழுதிய காந்தப் பலகை ஒட்டியிருக்கும். வேன் விட்டுவைத்த மிச்ச இடம் எவ்வளவு குறுகலாக இருந்தாலும் அந்தக் கார் பின்பக்கமாக ஒரே வீச்சில் நுழைந்து நிற்கும். டீச்சர் இறங்குவார், வேனைப் பார்ப்பார், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போவார்.

ஒன்றும் சொல்லாமல் போவதற்குக் காரணம் ஓர் ஒப்பந்தம். கல்யாணமான புதிதில் ஒரு விடுமுறை நாளில் டீச்சர் புருஷனுக்கு ரிவர்ஸ் சொல்லிக்கொடுக்க வேனில் ஏறினார். போனது இரண்டு பேர். வேனில் திரும்பி வந்தது டீச்சர் மட்டும். பிரேம்காரர் நடந்து வந்தார், அதுவும் வேறு தெரு வழியாக. அதே வாரம் டீச்சரின் அலுவலகத்துக்குப் போனவர், மாணவர்கள் நிறைந்த வகுப்பின் நடுவே எழுந்துபோய்ச் சுவரில் இருந்த சாலைக்குறிப் படத்தை நேராக்கினார். உட்கார்ந்தார். மனசு கேட்கவில்லை. மறுபடி எழுந்துபோய் நேராக்கினார். அடுத்த தடவை எழுந்தபோது மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் பேச்சுவார்த்தை நடந்தது. ஸ்டியரிங் பற்றி டீச்சர் வாய் திறக்கக்கூடாது. சுவர் பற்றிப் பிரேம்காரர் வாய் திறக்கக்கூடாது. அன்றிலிருந்து அந்தப் படம் கோணலாகவே தொங்குகிறது. அங்கே போக நேர்ந்தால் பிரேம்காரர் அதற்கு முதுகு காட்டித்தான் உட்காருவார். வேனும் கோணலாகவே நிற்கிறது. குடும்பம் மட்டும் நேராக ஓடியது.

அதைக் கலைத்தது வெயில். காரின் டாஷ்போர்டு வெடிப்பு விட்டது. எதிர்வீட்டு மரத்துப் பறவைகள் 'பயிற்சி வண்டி' பலகையின்மேல் தினமும் தங்கள் அபிப்பிராயத்தைத் தெரிவித்துவிட்டுப் போயின. இரண்டு வண்டிக்கும் சேர்த்து ஒரு தகர ஷெட் போட்டுவிடலாம் என்று முடிவாயிற்று.

வெல்டிங் பட்டறைக்கு மூன்று பேராகப் போனார்கள். மூன்றாமவன் மச்சான், டீச்சரின் தம்பி. மருந்துக்கடையில் வேலை, மாடியறையில் வாசம். சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லாததால் எல்லா வண்டிகளைப் பற்றியும் அவனுக்குத் தாராளமான கருத்துகள் இருந்தன.

பட்டறையை நடத்துவது ஒரு பெண்மணி. வெல்டிங் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு வந்து வரவேற்றார். "வாங்க டீச்சர்! உங்ககிட்டக் கத்துக்கிட்ட வண்டிதான், இன்னைக்கும் நானேதான் லோடு எடுத்துட்டுப் போறேன்" என்றார். பிறகு மாதிரிக் கூரைகளைக் காட்டினார். இரண்டு பக்கமும் சரிவது, ஒரு பக்கம் மட்டும் சரிவது, பாதி டிரம்மைக் கவிழ்த்த மாதிரி வளைந்தது.

"வளைஞ்சதையே போடுவோம் மாமா. பார்க்க கெத்தா இருக்கும்" என்றான் மச்சான்.

"அதை சுவத்தோட சேர்க்க முடியாது தம்பி. மழைத்தண்ணி நேரா உங்க மாமா வேலை செய்யற ரூமுக்குள்ள போயிடும்."

"அப்ப நான் சொல்லல."

ஒரு பக்கச் சரிவு என்று ஆயிற்று. தகரத்துக்குப் பச்சை நிறம். அதுவரை எல்லாம் சுமுகம். "பின்பக்கத்தை வீட்டுச் சுவர் தாங்கிக்கும். முன்னாடி மூணு தூண் போதும்" என்றார் பட்டறைக்காரம்மா. "ஓரத்துக்கு ஒண்ணு ஒண்ணு. நடுவுல ஒண்ணு."

நடுவில் என்றதும் பிரேம்காரர் சட்டென்று நிமிர்ந்தார். அவருடைய வேலையறைக் கதவு அந்தச் சுவரில்தான் இருந்தது. கண்ணாடித் தகடுகளை ஏற்றி இறக்க வேனின் பின்கதவு அந்தப் பக்கம் திரும்பி நிற்கவேண்டும். ஆக, உயிருள்ளவரை தினமும் ஓர் இரும்புத் தூணுக்குப் பக்கத்தில் ரிவர்ஸ். வெட்டவெளித் தரையிலேயே கோணிக்கொள்கிற வேன் அது.

"நடுத்தூண் இல்லாம ஏதாவது இருக்கா?" என்றார், சும்மா கேட்பதுபோல.

"இருக்கே. மேல குறுக்கா வர்ற பீமைத் தடிமனாப் போடணும். செலவு கொஞ்சம் கூடும். எதுக்கு வேண்டாம்ங்கறீங்க?"

"அழகா இருக்காது. ஒரு படத்துக்கு நடுவுல குச்சி நட்ட மாதிரி இருக்கும்."

"மாமா, இது படம் இல்ல, தகரம்" என்றான் மச்சான்.

பட்டறைக்காரம்மா டீச்சரைப் பார்த்துச் சிரித்தார். "டீச்சர் வீட்டுல போய் ஒரு தூணுக்குப் பயப்படுவாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகப் பிரேம்காரர் சிரித்தார். டீச்சர் மட்டும் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார், ஒப்பந்தம் ஞாபகம் வந்து மூடிக்கொண்டார். "உங்க இஷ்டம்தாங்க" என்றார்.

"நடுத்தூணே இருக்கட்டும். எனக்கென்ன?" என்றார் பிரேம்காரர்.

பட்டறைக்காரம்மாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. தூண் நடுவதற்கு ஒரு வாரம் முன்பே மாதிரித் தூண்களைக் கொண்டுவந்து வைத்துவிடுவார். பழைய பெயிண்ட் வாளியில் சிமெண்ட் கொட்டி நடுவில் ஒரு பைப்பை நிறுத்தியது. "ஒருத்தர் வீட்டுக்குத் தூண் நட்டு, கான்கிரீட் போட்டு, கும்பிடு வாங்கிட்டு வந்துட்டேன். மறுநாள் போன். கார் உள்ள வந்துடுச்சு, ஆனா மனுஷன் காருக்குள்ளயே இருக்கார், கதவு திறக்க மாட்டேங்குதுன்னு. அதுலேருந்து இந்த ஏற்பாடு. ஒரு வாரம் இதுக்கு நடுவுல வண்டி விட்டுப் பழகுங்க. எங்க வேணும்னு நீங்களே நகர்த்தி வெச்சுக்கங்க. வாளி எங்க இருக்கோ அங்கதான் தோண்டுவேன். அப்புறம் என்னைத் திட்டக்கூடாது."

மூன்று வாளிகளையும் இறக்கி, அளந்து வைத்துவிட்டுப் போனார். தெருவிலிருந்து பார்த்தால் இடப்பக்கம் வேனுக்கு, வலப்பக்கம் காருக்கு. காருக்கு அந்தப் பக்கம் மதில்.

முதல் நாள் தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்துப் பிரேம்காரர் வேனை உள்ளே விட்டார். டங். முன்னால் போய் மறுபடி வந்தார். டங். பைப்பில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது, வேனில் கறுப்பாக ஒன்று. வேனைத் தெருவிலேயே விட்டுவிட்டுக் கண்ணாடித் தகடுகளை மார்போடு அணைத்து ஒவ்வொன்றாகச் சுமந்து போனார்.

"ஏன் மாமா உள்ள விடல?" மாடியிலிருந்து குரல் வந்தது.

"எஞ்சின் சூடா இருக்கு. ஆறட்டும்."

"வெயில்லயா?"

பிரேம்காரர் அடுத்த தகட்டைத் தூக்கினார். அன்றைக்கெல்லாம் சட்டம் இழைத்துக்கொண்டே யோசித்தார். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும்: எனக்கு ரிவர்ஸ் வராது. பெரிய பீமைப் போட்டுவிட்டுப் போவார்கள். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்ன நிமிஷம் அவர் டீச்சரின் மாணவர். பல்லிடுக்கில் நாக்கைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவர்களின் வரிசையில் கடைசி ஆள். இத்தனை வருஷம் காப்பாற்றிய மரியாதை ஒரு வாளிக்காகப் போவதா?

தொழில்தான் வழி காட்டியது. சுவரில் படம் மாட்டும்போது வீட்டுக்காரர் "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்" என்பார். படத்தைத் தொட்டு, நகர்த்தாமலே கையை எடுத்தால் "ஆங், இப்ப சரி" என்பார். அதேபோலத் துளித்துளியாக நகர்த்தினால் கூடத்தின் நடுவிலிருந்து மூலைவரை கொண்டுபோனாலும் வீட்டில் இருப்பவருக்குத் தெரியாது. மறுநாள் டீச்சர் காலை வகுப்புக்குக் கிளம்பியதும் பிரேம்காரர் வெளியே வந்தார். நடுவாளியைச் சாய்த்து அடிவிளிம்பில் உருட்டி, காரின் பக்கமாக ஒரு விரற்கடை நகர்த்தினார். எட்டி நின்று பார்த்தார். யார் கண்டுபிடிப்பார்கள்?

அதற்கடுத்த நாளும் ஒரு விரற்கடை. அடுத்த நாள் கொஞ்சம் தாராளமாக.

வாரத்தின் நடுவில் அற்புதம் நடந்தது. வேன் உள்ளே போய்விட்டது. டங் இல்லை, கீச் இல்லை. பிரேம்காரர் இறங்கி வேனைச் சுற்றி வந்தார். உண்மையிலேயே ஏறக்குறைய நேராக நின்றது.

"மாமா, வேன் நேரா நிக்குது! உடம்புக்கு ஏதாவது பண்ணுதா? மாத்திரை எடுத்துட்டு வரவா?"

"கை பழகிடுச்சு மச்சான். அவ்வளவுதான் விஷயம்."

அன்று மாலை வழக்கத்துக்கு மாறாக டீச்சர் காரை முன்பக்கமாக உள்ளே விட்டிருந்தார். மூக்கு சுவரைப் பார்த்தபடி, பின்பக்கம் தெருவைப் பார்த்தபடி. மச்சான் சாப்பாட்டு மேசையில் அதையும் எடுத்தான். "என்னக்கா, தலைகீழா நிறுத்தியிருக்கே? வெளிய பார்த்துதான் நிறுத்தணும்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பியே?"

"வெயில் முன்கண்ணாடியில அடிக்குதுடா."

"சாயங்காலமா?"

"சாப்பிடு."

டீச்சரின் முழங்கையில் ஒரு சிராய்ப்பு இருந்ததையும், தோளில் சாம்பல் நிறத்தில் தூசி அப்பியிருந்ததையும் பிரேம்காரர் பார்த்தார். வகுப்பில் எங்காவது இடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். தன் வெற்றியில் இருந்த மனிதருக்கு அதற்குமேல் நினைக்க நேரமில்லை.

அடுத்த நாள் வேன் இன்னும் சுலபமாக நுழைந்தது. அதற்கடுத்த நாள் கதவைத் தாராளமாகத் திறந்து, கையை வீசிக்கொண்டு இறங்கினார். இறங்கியவர் நின்றுவிட்டார். ஓட்டுவதில்தான் அவர் மட்டம். இடைவெளி பார்ப்பதில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. தான் நகர்த்தியது மொத்தமாகச் சேர்த்தாலும் ஒரு சாண் தேறாது. வாளியோ ஒரு முழத்துக்கு மேல் போயிருந்தது. குனிந்து பார்த்தார். தரையில் அவர் உருட்டிய இடமெல்லாம் வளைவு வளைவாகத் தடம். அதற்கப்புறம் வேறொரு தடம், இழுத்துத் தள்ளிய நேர்கீறல்.

மச்சானைப் பிடித்தார். "வாளியை நீ தொட்டியா?"

"நானா? எனக்கு வண்டியும் இல்ல, வாளியைத் தூக்கற முதுகும் இல்ல. ஏன், நகர்ந்திருக்கா?"

"இல்ல. சும்மா கேட்டேன்."

அன்று பிரேம்காரர் வேலையறை ஜன்னலோரம் ஒரு சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தேய்ப்பதுபோல உட்கார்ந்திருந்தார். கார் வந்தது. மதிலுக்கும் வாளிக்கும் நடுவே நூல் கோத்த மாதிரி நுழைந்தது. இரண்டு பக்கமும் ஒரு கையை நுழைக்கலாம், அவ்வளவுதான். எஞ்சின் அணைந்தது. ஆனால் கதவு திறக்கவில்லை. திறக்க இடமில்லை: ஒரு பக்கம் மதில், மறுபக்கம் இஷ்டத்துக்குக் கால் நீட்டிப் படுத்திருந்த வேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு காரின் பின்கதவு மேலே எழும்பியது. முதலில் ஒரு கைப்பை வெளியே வந்து விழுந்தது. அடுத்து வருகைப் பதிவேடு. அப்புறம் இரண்டு கால்கள். கடைசியாக, மடக்கிய சீட்டின் மேல் குப்புறத் தவழ்ந்தபடி, அந்த வட்டாரத்துக்கே வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த டீச்சர் பின்னோக்கி இறங்கினார். தூசியைத் தட்டினார். தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தார். மேலே மாடியைப் பார்த்தார். ஜன்னலைப் பார்க்கவில்லை. பிறகு இரண்டு கையாலும் பைப்பைப் பிடித்து, காலை ஊன்றி, நடுவாளியை ஒரு தள்ளுத் தள்ளினார். தன் கார் பக்கமாக.

பிரேம்காரரின் கையில் இருந்த சட்டம் கீழே விழுந்து ஒரு மூலை விட்டுப்போனது.

பார்த்துவிட்டிருக்கிறாள். முதல் நாளே பார்த்திருப்பாள். ஊரார் வண்டியில் உரசிய கோட்டையெல்லாம் படிக்கிறவளுக்கு பைப்பில் இருந்த வெள்ளைக் கோடா தெரியாது? பார்த்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாளிதான் பேசியிருக்கிறது.

சாப்பாட்டின்போது அவருக்கு எதுவும் இறங்கவில்லை. "என்னங்க, பசிக்கலையா?" என்றார் டீச்சர். முழங்கைச் சிராய்ப்பில் மருந்து தடவியிருந்தது. "நாளைக்கு பட்டறைக்காரம்மா வந்துடுவாங்க. வாளி இருக்கற இடம் சரியாதானே இருக்கு?"

"சரியா இருக்கு" என்றார் பிரேம்காரர். சொன்ன பிறகு தண்ணீர் குடித்தார்.

மறுநாள் காலை பட்டறைக்காரம்மா துளையிடும் மெஷினோடு வந்து இறங்கினார். அதற்குள் இரண்டு வண்டியையும் தெருவுக்கு எடுத்துவிட்டிருந்தார்கள். வாளியைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்தார். "என்ன இது, நான் வெச்ச வாளி வாக்கிங் போயிருக்கு? டீச்சர், உங்க வண்டிக்கு இடமே இல்லையே!"

"எனக்கு இது போதும். அங்கேயே தோண்டுங்க" என்றார் டீச்சர்.

"நல்லா யோசிச்சுக்கங்க. கான்கிரீட் போட்டா போட்டதுதான்."

"அக்காவுக்கு எந்தச் சந்துலயும் வண்டி விடத் தெரியும்" என்று மச்சான் பெருமையாகச் சொன்னான். "விட்டுட்டு எப்படி இறங்கறாளோ, அதுதான் எனக்குப் புரியல."

பட்டறைக்காரம்மா வாளியை ஒதுக்கினார். இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டார். மெஷினின் முனை வட்டத்தின் நடுவில் உட்கார்ந்தது. பிரேம்காரருக்கு அந்த வட்டம் தெரியவில்லை; பின்கதவு வழியாக இறங்கும் இரண்டு கால்கள்தான் தெரிந்தன. இந்த வருஷம், அடுத்த வருஷம், முட்டி வலிக்கும் வயசிலும். மெஷின் உறுமியது.

"நிறுத்துங்க!"

எல்லோரும் திரும்பினார்கள். பிரேம்காரர் போய் வாளியைப் பிடித்து உருட்டினார். தான் நகர்த்திய தூரம், அவள் நகர்த்திய தூரம், மொத்தத்தையும் திரும்ப உருட்டினார். இடுப்பிலிருந்து டேப்பை உருவி இரண்டு பக்கமும் அளந்து, நட்டநடுவில் வைத்தார். எட்டி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்து, மறுபடி போய் ஒரு நூல் திருத்தினார். பிறகு வேன் சாவியை எடுத்து டீச்சரிடம் நீட்டினார்.

"எனக்கு ரிவர்ஸ் வராது" என்றார்.

மச்சான்தான் முதலில் வாய் திறந்தான். "மாமா, இது தெருவுக்கே தெரியும். உங்களுக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சுதா?"

"நீ சும்மா இருடா" என்றார் டீச்சர். அவர் சாவியை வாங்கவில்லை. "அது உங்க கையில இருக்கட்டும். நீங்கதானே ஓட்டப் போறீங்க?"

பட்டறைக்காரம்மா தொண்டையைச் செருமினார். "சார், வேணும்னா பெரிய பீமே போட்டுடலாம். இன்னும் ஷீட் வெட்டல."

பிரேம்காரர் வாளியைப் பார்த்தார். வேனைப் பார்த்தார். மனைவியின் முழங்கையைப் பார்த்தார். "வேண்டாம்மா. தூண் இருக்கட்டும்."

டீச்சர் காரிடம் போனார். கூரையில் இருந்த 'பயிற்சி வண்டி' பலகையைப் பிய்த்து எடுத்துக்கொண்டு வந்து வேனின் தலையில் தட்டென்று ஒட்டினார்.

"இது எதுக்கு?"

"சட்டம் சார். கத்துக்கறவங்க வண்டியில பலகை இருக்கணும்." டீச்சர் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். குரல் மாறிவிட்டிருந்தது, ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிற குரல். "பெல்ட் போடுங்க. கண்ணாடியைச் சரி பண்ணுங்க. என்ன தெரியுது?"

"வாளி."

"வேற?"

"வாளி மட்டும்தான் தெரியுது."

"அது அங்கேயேதான் இருக்கும். இந்தத் தடவை அது நமக்காக நகராது. மெதுவா விடுங்க. ஸ்டியரிங்கை ஏன் இந்தப் பிடி பிடிக்கறீங்க? அது ஓடிப்போகாது."

பிரேம்காரர் பல்லிடுக்கில் நாக்கைக் கடித்துக்கொண்டார். வேன் பின்னால் ஊர்ந்தது. மச்சான் தெருப்பக்கம் ஒதுங்கி நின்றான். எதிர்வீட்டு மரத்துப் பறவைகளும் சத்தத்தை நிறுத்தியிருந்தன.

டங்.

பட்டறைக்காரம்மா மெஷினின் வயரைச் சுருட்ட ஆரம்பித்தார். "தூணா இருந்திருந்தா இப்ப கூரை தலையில இருந்திருக்கும். நான் அடுத்த வாரம் வரேன் டீச்சர்."

"அதுக்கடுத்த வாரம் வாங்க" என்றார் டீச்சர்.

பட்டறைக்காரம்மாவின் வண்டி போன பிறகும் இருவரும் வேனைவிட்டு இறங்கவில்லை. பிரேம்காரர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒப்பந்தம் முறிஞ்சுபோச்சு."

"ம்."

"அப்ப அந்தச் சாலைக்குறிப் படம்..."

"எனக்கும்தான் தெரியும், கோணல்னு. தினமும் அதைத்தானே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கேன். சாயங்காலம் வந்து நேராக்கிட்டுப் போங்க. ஒரே ஒரு தடவை. பசங்க முன்னாடி வேண்டாம்."

"ஒரே தடவையில சரியா வராதே."

"வராதுதான். முதல் கியர் போடுங்க. முன்னாடி போய்த் திரும்ப வாங்க."

பிரேம்காரர் கியரைப் போட்டார். வேன் முன்னால் துள்ளி, மச்சானின் கால்விரலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

"மாமா!" என்று அலறினான் மச்சான். "நான் தூண் இல்ல!"